கிணறு யாருக்கு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு ஓலைக் கொட்டகை. அதில் சாய்வு மேசை போட்டு நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தார். கிரயம், அடமானம், ஒத்தி, தானம் எல்லாம் மளமளவென்று எழுதுவார். பாகப்பிரிவினை என்று அண்ணன் தம்பிகள் வந்து நின்றால் மட்டும் உடனே பேனாவைத் திறக்க மாட்டார். முதலில் ஒரே ஒரு கேள்விதான். “கிணறு யாருக்கு?”

“அதெல்லாம் நாங்க பேசிக்கிடுவோம் அண்ணாச்சி, நீங்க நிலத்தை மட்டும் எழுதுங்க” என்பார்கள் வந்தவர்கள். “இன்னிக்கு நீங்க பேசிக்கிடுவீங்க. நாளைக்கு உங்க பிள்ளைங்க பேசிக்கிடுமா? முறையைச் சொல்லுங்க, எழுதுதேன்” என்பார் அப்பா. பிறகுதான் எழுத்து ஓடும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர், வாய்க்கால் யார் வரப்பில் போகும், தூர் வாரும் செலவு யார் தலையில், மோட்டார் ரூமுக்கு நடந்து போகும் பாதை எவ்வளவு அகலம். நிலத்தின் நான்கெல்லைக்கு நாலு வரி போதும். கிணற்றுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

இந்த அறக்கட்டளைக்காரர்கள், புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டின் நிறுவனங்களை உருவாக்குவதில் வழக்குரைஞரின் பங்கு என்ன என்று பேசும்படி என்னைக் கேட்டபோது, அப்பாவின் கேள்விதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. அம்பேத்கரைப் பற்றியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரைப் பற்றியும் தமிழில் நிறையப் பேசியாயிற்று. இன்னும் பேச வேண்டியதும் உண்டு. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டவர் தமிழ்நாட்டில் அதிகம் அறியப்படாதவர். விடுதலை பெற்ற சிங்கப்பூரின் முதல் சட்ட அமைச்சர் எட்மண்ட் வில்லியம் பார்க்கர். அங்கே எல்லோருக்கும் எடி பார்க்கர்.

நம் அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடி, 1949 நவம்பர் 26 அன்று வேலையை முடித்தது. ஏறக்குறைய மூன்று வருடம். விவாதம், திருத்தம், மறுபடி விவாதம் என்று நடந்தது. பார்க்கருக்கு அந்த வசதி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நாட்டைப் பிறக்கவைக்கும் தாள்களை அவர் சில வாரங்களில், யாருக்கும் தெரியாமல், பெரும்பாலும் தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.

அவர் 1920 இல் சிங்கப்பூரில் பிறந்தார். யுரேஷியர். ஐரோப்பிய, ஆசியக் கலப்பில் வந்த மிகச் சிறிய சமூகம் அது. ராஃபிள்ஸ் பள்ளி, ராஃபிள்ஸ் கல்லூரி, அதன்பின் குயின்ஸ் ஸ்காலர்ஷிப்பில் கேம்பிரிட்ஜ். 1951 இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். 1956 இல் லீ அண்ட் லீ சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் சிங்கப்பூரின் பிரதமரான லீ குவான் யூவும் அவர் மனைவியும் தம்பியும் தொடங்கிய நிறுவனம் அது. 1963 தேர்தலில் வென்று சட்டமன்ற சபாநாயகரானார், 1964 இல் சட்ட அமைச்சரானார். 1988 வரை அந்தப் பொறுப்பை அவர் விடவேயில்லை. இருபத்துநான்கு வருடம். தடகளத்திலும் ஹாக்கியிலும் பெயர் வாங்கியவர். ராஃபிள்ஸ் கல்லூரியில் அவரோடு ஹாக்கி ஆடியவர்களில் ஒருவர் அப்துல் ரசாக், பின்னாளில் மலேசியாவின் துணைப் பிரதமர். இந்தச் சிநேகம் கதையில் பின்னால் வரும்.

சிங்கப்பூர் 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியாவில் சேர்ந்தது. சேர்ந்த நாளிலிருந்தே உரசல். வரிப்பங்கு, பொதுச் சந்தை, கட்சி அரசியல், எல்லாவற்றுக்கும் மேலே இனம். 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலவரம் நடந்து உயிர்கள் போயின. 1965 நடுவில் இரு பக்கத்திலும் சிலருக்குத் தெளிவாகிவிட்டது, ஒரே கூரையின் கீழ் இனி முடியாது. சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ ரசாக்குடன் பேச்சைத் தொடங்கினார். லீ, பார்க்கரைக் கூப்பிட்டுத் தாள்களைத் தயார் செய்யச் சொன்னார்.

என்னென்ன தாள்கள்? மலேசியாவும் சிங்கப்பூரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்று. மலேசிய அரசமைப்பைத் திருத்தும் சட்டமுன்வடிவு ஒன்று. விடுதலைப் பிரகடனம் ஒன்று. மலேசிய அரசமைப்பில் ஒரு மாநிலம் வெளியேற வழி சொல்லும் உறுப்பே கிடையாது. ஆக நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அரசமைப்பையே திருத்தியாக வேண்டும். இந்த மாதிரிப் பிரிவுக்கு உலகத்தில் முன்னுதாரணம் குறைவு. மேற்கிந்தியக் கூட்டாட்சி 1962 இல் கலைந்தது. ரொடீசியா நியாசாலாந்து கூட்டாட்சி 1963 முடிவில் கலைந்தது. இரண்டையும் கலைத்தது லண்டன். இங்கே லண்டனுக்கே தெரியக் கூடாது என்பது நிபந்தனை. தெரிந்தால் பிரிட்டிஷ் அரசு தடுத்துவிடும் என்ற அச்சம் இரு பக்கமும் இருந்தது. ரகசியம் அவ்வளவு கெட்டியாக இருந்ததால் சட்ட அமைச்சரே சட்ட வரைவாளராக உட்கார்ந்தார்.

1965 ஆகஸ்ட் 6, வெள்ளிக்கிழமை. கோவும் பார்க்கரும் வரைவுகளை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போனார்கள். எதிரே ரசாக், உள்துறை அமைச்சர் இஸ்மாயில், மலேசியத் தலைமை வழக்குரைஞர் காதிர் யூசோப். வரி வரியாகப் பார்த்து, திருத்தி, தட்டச்சுக்குக் கொடுத்து, மறுபடி படித்து, கையெழுத்தாகும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒப்பந்தத்தில் தேதி ஆகஸ்ட் 7. எட்டு உறுப்புகள், இரண்டு இணைப்புகள். ஒரு நாடு பிறந்த பத்திரம் அவ்வளவு சின்னது.

அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்களின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒரு கணம் நிற்கும். மலேசியா பக்கம் ஐந்து பேர்: பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், ரசாக், இஸ்மாயில், டான் சியூ சின், வீ. தி. சம்பந்தன். சம்பந்தன் மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவர். சிங்கப்பூர் பக்கம் பத்து பேரில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்னம். பிரிவதற்கு ராஜரத்னத்துக்கு மனமில்லை. துணைப் பிரதமர் தோ சின் சாய்க்கும் இல்லை. துங்கு தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, வேறு வழியில்லை என்று சொன்ன பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே தாள். அதன் இரு பக்கத்திலும் தமிழர் கையெழுத்து. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெருவிரல் வைக்கும்போது தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் சிறுவனாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, திங்கள்கிழமை. காலை பத்து மணிக்கு சிங்கப்பூர் வானொலி பிரகடனத்தை வாசித்தது. அதே நாளில் கோலாலம்பூரில் நாடாளுமன்றக் கீழவை திருத்தச் சட்டத்தை 126 வாக்குகளோடு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல், நிறைவேற்றியது. அன்றே மேலவையும். 23 மாத உறவு ஒரே நாளில் முடிந்தது. தொலைக்காட்சி நேர்காணலில் லீ கண்ணீர் விட்டது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. நான் பார்க்கச் சொல்வது அந்தத் திருத்தச் சட்டத்தின் 14 ஆம் பிரிவை.

சிங்கப்பூருக்கு அன்று சொந்தத் தண்ணீர் போதாது. மீதித் தண்ணீர் குழாய் வழியாக, கடலிடுக்கின் மேலிருக்கும் பாலத்தைத் தாண்டி, ஜொகூரிலிருந்து வந்தது. அதற்கு இரண்டு ஒப்பந்தங்கள் ஏற்கெனவே இருந்தன. 1961 செப்டம்பர் 1 அன்று ஒன்று, 1962 செப்டம்பர் 29 அன்று ஒன்று. இரண்டாவதின்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம், ஆயிரம் காலனுக்கு 3 சென் விலை. சிக்கல் எங்கே என்றால், அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள் சிங்கப்பூர் நகர மன்றமும் ஜொகூர் மாநில அரசும். 1963 இல் நகர மன்றத்தின் வேலை பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போய்விட்டது. ஜொகூரோ ஒரு மாநிலம், நாடு அல்ல. ஒரு மாநகராட்சியும் ஒரு மாநிலமும் போட்டுக்கொண்ட குடிநீர் ஒப்பந்தத்தை நாளை வேறொரு நாடு கிழித்துப் போட்டால், எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பது?

14 ஆம் பிரிவு அதைத்தான் கட்டுகிறது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். சிங்கப்பூர் நாள் முதல், அதாவது 1965 ஆகஸ்ட் 9 முதல், பொதுப் பயனீட்டுக் கழகம் அந்த இரண்டு ஒப்பந்தங்களின்படி நடக்கும் என்பதற்கு சிங்கப்பூர் அரசு பொறுப்பேற்கிறது. அதே மாதிரி ஜொகூர் அரசு நடக்கும் என்பதற்கு மலேசிய அரசு பொறுப்பேற்கிறது. புதிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. விலை பேசவில்லை, அளவு பேசவில்லை, அதையெல்லாம் மறுபடி தொட்டால் அந்த ஒரு வாரத்தில் முடியாது. ஏற்கெனவே இருந்த கடன் பத்திரத்துக்கு இரு பக்கமும் ஜாமீன்தாரராக ஒவ்வொரு நாட்டை நிறுத்திவிட்டார்கள். அதையும் மலேசிய நாடாளுமன்றமே நிறைவேற்றும் அரசமைப்புத் திருத்தத்துக்குள் வைத்தார்கள். பிறகு 1966 இல் பிரிவினை ஒப்பந்தம் ஐக்கிய நாடுகள் சபையில் பதிவானது. பிரிவினையில் இந்த வாசகம் இருந்தே ஆக வேண்டும் என்பதில் லீ உறுதியாக இருந்தார். அதைச் சட்டமொழியில் கட்டிக் கொடுத்தது பார்க்கரின் வேலை.

என் அப்பா அந்தப் பிரிவைப் படித்திருந்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை தலையசைத்திருப்பார்.

நல்ல வழக்குரைஞர் ஒரு நாட்டுக்குச் செய்யும் முதல் வேலை இதுதான். மேடையில் விடுதலை முழங்குவது வேறு ஆட்கள் வேலை. மறுநாள் காலை குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், நீதிபதி போய் உட்கார்ந்தால் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும், காவலர் ஒருவரைக் கைது செய்தால் அது கடத்தலாகிவிடக் கூடாது. பழைய சட்டம் எந்தக் கணத்தில் நிற்கிறது, புதியது எந்தக் கணத்தில் தொடங்குகிறது, நடுவில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் தைத்துக் கொடுப்பதே அந்த வேலை.

இதில் சிங்கப்பூரின் கதை விசித்திரமானது. ஆகஸ்ட் 9 அன்று நாடு விடுதலை பெற்றது. ஆனால் அதன் நாடாளுமன்றம் டிசம்பர் 8 அன்றுதான் கூடியது. டிசம்பர் 22 அன்று இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று அரசமைப்புத் திருத்தச் சட்டம், மற்றது சிங்கப்பூர்க் குடியரசு விடுதலைச் சட்டம். இரண்டும் ஆகஸ்ட் 9 இலிருந்து பின்னோக்கி நடைமுறைக்கு வந்தன. நான்கு மாத நடப்பையெல்லாம் அந்தப் பின்தேதி தாங்கிப் பிடித்தது. பழைய சட்டங்கள் எல்லாம், புதிய நிலைக்குத் தேவையான மாற்றங்களோடு படிக்கப்பட்டு, தொடரும் என்று ஒரு பிரிவு. யூசோப் இஷாக் அதே நாளிலிருந்து குடியரசுத் தலைவர்.

மேல்முறையீடு? இளைய வழக்குரைஞர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் மலேசிய நீதித்துறையோடு ஒட்டியே இருந்தது. மேல்முறையீடு மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1969 இல் தனிச் சட்டம் போட்டு, 1970 ஜனவரியில்தான் சிங்கப்பூருக்கென்று தனி உச்ச நீதிமன்றம் முழுதாக நின்றது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி 1994 வரை இருந்தது. இதை அவமானம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பாகம் பிரிந்த மறுநாளே தனிச் சுவர் எழுப்ப வேண்டும் என்பதில்லை. பொதுச்சுவர் நிற்கும்வரை நிற்கட்டும், செங்கல் சேர்ந்த பிறகு கட்டலாம். அவசரமில்லாத இடத்தில் அவசரப்படாமல் இருக்கும் இந்த நிதானத்தை நான் பார்க்கரிடம் மதிக்கிறேன்.

ஆனால் அதே டிசம்பர் 22 சட்டத்தில் அவர்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் இந்த மேடையிலிருந்து இறங்கக் கூடாது.

புதிய நாட்டுக்கு முழு அரசமைப்பு எழுத நேரமில்லை. ஆகவே மலேசிய அரசமைப்பிலிருந்து தேவையான உறுப்புகளை எடுத்து, சிங்கப்பூருக்கும் பொருந்தும் என்று 6 ஆம் பிரிவில் சொன்னார்கள். அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அப்படியே வந்தன. 13 ஆம் உறுப்பு மட்டும் வரவில்லை. அது சொத்துரிமை உறுப்பு. போதுமான இழப்பீடு இல்லாமல் எந்தச் சட்டமும் ஒருவர் சொத்தை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதை விட்டுவிட்டோம் என்பதைப் பார்க்கரும் லீயும் ஒளிக்கவில்லை. இழப்பீடு போதுமா போதாதா என்று ஒவ்வொரு நில உரிமையாளரும் நீதிமன்றம் போனால் வீடு கட்டும் திட்டமே நின்றுவிடும் என்பது அரசின் நியாயம்.

1966 இல் நில எடுப்புச் சட்டம் வந்தது, 1967 இல் நடைமுறையானது. பொதுப் பயனுக்கு இந்த நிலம் தேவை என்று அரசிதழில் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே முடிவான சான்று. தேவையில்லை என்று வாதாட முடியாது. பின்னால், 1973 நவம்பர் 30 ஆம் தேதி விலையை வைத்தே இழப்பீடு கணக்கிடலாம் என்று திருத்தினார்கள். நிலவிலை எங்கோ போனாலும் கணக்கு அந்தத் தேதியில் நின்றது. சந்தை விலை முழுமையாகத் திரும்பியது 2007 இல். அரசு வைத்திருந்த நிலம் 1960 இல் மொத்தத்தில் சுமார் 44 விழுக்காடு, 1985 இல் சுமார் 76 விழுக்காடு. இந்தச் சட்டம் வந்த காலத்தில் பார்க்கர் சட்ட அமைச்சர் மட்டுமல்ல, 1965 முதல் 1975 வரை தேசிய வளர்ச்சி அமைச்சரும் அவரே. சட்டம் எழுதும் கையும் நிலம் எடுக்கும் கையும் ஒரே ஆளுடையவை.

இதை எப்படித் தீர்ப்பது? அந்த நிலத்தில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் குடியிருப்புகள் எழுந்தன. குடிசையிலும் நெருக்கமான கடைவீடுகளிலும் பத்துப் பேர் ஓர் அறையில் கிடந்த மக்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. இன்று அந்த நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அத்தகைய வீட்டில்தான் இருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளிகளின் பிள்ளைகளும் அதில் உண்டு. இந்தியாவில் நாம் என்ன செய்தோம்? சொத்துரிமையை முதலில் அடிப்படை உரிமையாக எழுதினோம். பிறகு 1951 இல் முதல் திருத்தம், 1955 இல் நான்காவது, 1964 இல் பதினேழாவது, 1971 இல் இருபத்தைந்தாவது என்று ஒவ்வொன்றாக அதை அரித்தோம். கடைசியில் 1978 இல் நாற்பத்து நான்காவது திருத்தத்தில் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். 28 வருடத்தில் நாம் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர்கள் ஒரே நாளில், ஒரு உறுப்பை எழுதாமல் விட்டு, வந்துவிட்டார்கள்.

இருந்தும் நான் நம் வழியையே விரும்புகிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வழக்கு நடந்தது, ஒரு நீதிபதி மாறுபட்டார், ஒரு நாடாளுமன்றம் விவாதித்தது, நிலம் இழந்தவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான். எழுதி வைத்த உரிமையை எடுக்க வேண்டுமென்றால் எடுக்கிறவன் காரணம் சொல்லியாக வேண்டும். எழுதாத உரிமையை யாரும் எடுக்க வேண்டியதே இல்லை. ஒரு நாட்டின் முதல் தாளை எழுதும் வழக்குரைஞரை, அவர் எழுதிய வரிகளை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அவர் விட்டுவிட்ட இடங்களையும் தராசில் வைக்க வேண்டும்.

அப்படி இன்னொன்று. 1965 திருத்தத்தின்படி சிங்கப்பூர் அரசமைப்பைச் சாதாரணப் பெரும்பான்மையாலேயே மாற்றலாம். மூன்றில் இரண்டு பங்கு என்ற வேலி திரும்ப வந்தது 1979 இல். அந்த 14 வருடமும் அரசமைப்புக்கும் ஒரு சாதாரணச் சட்டத்துக்கும் மாற்றும் முறையில் வேறுபாடில்லை. 1980 இல்தான் மூன்று இடத்தில் சிதறிக் கிடந்த அரசமைப்பு, ஒரே நூலாக மறுபதிப்பானது. அதுவரை ஒரு சிங்கப்பூர் வழக்குரைஞர் தன் கட்சிக்காரரின் உரிமையைக் கண்டுபிடிக்க 1963 மாநில அரசமைப்பையும், 1965 விடுதலைச் சட்டத்தையும், இன்னொரு நாட்டின் அரசமைப்பையும் அருகருகே விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த உறுப்பு வந்தது, எது வரவில்லை, வந்ததில் எந்தச் சொல் மாறியது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். மாணவர்களே, இதைப் படிப்புச் சிரமம் என்று எண்ணிவிடாதீர்கள். தன் உரிமை எந்தத் தாளில் இருக்கிறது என்று குடிமகனுக்கே தெரியாத நிலை அது.

ஜூரி முறையும் அவர் காலத்தில்தான் போயிற்று. 1960 வாக்கிலேயே மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தார்கள். 1969 இல் முழுதாக எடுக்கும் சட்டமுன்வடிவு வந்தபோது அதை எதிர்த்து நின்றவர் டேவிட் மார்ஷல். 1955 இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்தவர், கொலை வழக்குகளில் பெரிய பெயர். ஒரு மனிதனின் உயிரை எடுக்கும் முன் அவனைப் போன்ற சாதாரண மனிதர்கள் அவன் கதையைக் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. அரசு கேட்கவில்லை. மரண தண்டனை வழக்குகளை இரண்டு நீதிபதிகள் விசாரிக்கும் முறை வந்தது. இந்தியாவிலும் ஜூரி ஏறக்குறைய அதே காலத்தில்தான் மறைந்தது, ஆகவே இதில் நான் அதிகம் பேச உரிமை கோரவில்லை. தடுப்புக் காவலைப் பற்றி மட்டும் பேசியாக வேண்டும். மலாயாவின் 1960 உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1963 இல் சிங்கப்பூருக்கு வந்தது. பிரிந்த பிறகும் போகவில்லை. சியா தை போ என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் 1966 இல் கைதானார். 1989 வரை விசாரணை இல்லாமல் காவலில் இருந்தார். ஏறக்குறைய 23 வருடம். தன் கையால் சட்டங்கள் எழுதிய வழக்குரைஞர் ஒருவர் சட்ட அமைச்சராக இருந்த காலம் ஏறக்குறைய முழுவதும் அந்தக் காவல் நடந்தது. தைக்கத் தெரிந்த கை, ஒரு மனிதனின் வாழ்க்கையில் விழுந்த இந்தக் கிழிசலைத் தைக்கவில்லை. இதை எந்த நியாயத்தாலும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

சிறுபான்மைக்கும் ஒரு வார்த்தை. 1966 இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் ஓர் அரசமைப்பு ஆணையம் அமைந்தது. இன, சமய சிறுபான்மையினரைக் காக்க ஓர் ஆலோசனை மன்றம் வேண்டும் என்றது. அதன் வழியே 1970 இல் குடியரசுத் தலைவர் மன்றம் வந்தது. பாரபட்சமான சட்டம் என்று அது சொன்னால் நாடாளுமன்றம் மறுபடி யோசிக்க வேண்டும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த எதிர்ப்பைத் தாண்டிவிடலாம். ஒரே கட்சி எல்லா இடத்தையும் வைத்திருந்த சபையில் அது எவ்வளவு காவல் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மொழி என்று வந்தால், விடுதலைச் சட்டத்தின் 7 ஆம் பிரிவில் தயக்கம் எதுவும் கிடையாது. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள், மலாய் தேசிய மொழி. இந்தியர் எல்லோரும் சேர்ந்தே அன்று பத்தில் ஒருவர்கூட இல்லை. நம் மண்ணுக்கு வெளியே தமிழுக்கு ஒரு நாட்டின் சட்டத்தில் இப்படி ஓர் இடம் கிடைத்தது அரிது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எழுந்து தமிழில் பேசலாம். பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. முதல்முறை சிங்கப்பூர் போனபோது ஒரு கடைக்காரர் சில்லறை கொடுத்தார். கையில் வந்த நாணயத்தைத் திருப்பிப் பார்த்தேன், விளிம்போரமாய்ச் சிங்கப்பூர் என்று தமிழில். காப்பிக்காக நின்றிருந்த நான் காப்பியை மறந்துவிட்டேன். ஒரு சட்டப் பிரிவு எங்கெல்லாம் போய் முளைக்கிறது என்று அன்று தெரிந்தது.

பார்க்கர் 2001 ஏப்ரல் 12 அன்று மறைந்தார். அவர் எழுதியதில் காலம் போய்த் தேய்ந்தவையும் உண்டு, மாற்றி எழுதப்பட்டவையும் உண்டு. தண்ணீர்ப் பிரிவின் கதையை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். விலையைப் பற்றி இரு நாடுகளுக்கும் பல முறை மனக்கசப்பு வந்தது. பிரதமர்கள் மாறினார்கள், காரசாரமாகப் பேசினார்கள். குழாய் மட்டும் நிற்கவில்லை. 1961 ஒப்பந்தத்தின் ஐம்பது வருடக் கெடு 2011 ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. அன்று சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகத்தினர் ஜொகூர்க் கரையில் தாங்கள் நடத்திவந்த குனோங் புலாய், ஸ்கூடாய் நீர் நிலையங்களையும், பொந்தியான், தெப்ராவ் இறைப்பு நிலையங்களையும் வேலை செய்யும் நிலையில், காசு எதுவும் வாங்காமல், ஜொகூரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலம் தாண்டி வீடு திரும்பினார்கள். 1962 ஒப்பந்தத்தின் கெடு 2061. அதுவரை ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் அந்தப் பழைய முறைப்படிதான் வந்துகொண்டிருக்கும்.